இருபத்தெட்டுக்குப் பதினெட்டு

சியாட்டில் நகரத்துக்குள்ளேயே லேக் யூனியன் என்று ஓர் ஏரி இருக்கிறது. கரையோரம் வரிசையாகப் படகு வீடுகள். வடக்கு முனையில், 1956-இல் மூடப்பட்டுப் பிறகு பூங்காவாக மாறிய எரிவாயு ஆலையின் துருப்பிடித்த கோபுரங்கள். தண்ணீரில் பாய்மரப் படகு, துடுப்புப் படகு, அவற்றுக்கு நடுவே விமானம். அந்த ஊர்க்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1916 ஜூன் 15 அன்று வில்லியம் போயிங் தன் முதல் விமானத்தை இந்த ஏரியிலிருந்துதான் கிளப்பினார். அதன் பிறகு பிறந்த நிறுவனம் இன்று ஜெட் விமானங்களைச் செய்கிறது. ஏரி மட்டும் மிதவை விமானங்களை விடவில்லை.

நாங்கள் போக வேண்டிய இடம் சான் ஹுவான் தீவுகளில் இருக்கும் ஃப்ரைடே ஹார்பர். நேர்கோட்டில் சுமார் 70 மைல். காரும் ஃபெரியுமாகப் போனால் அரை நாள் கரைந்துவிடும். என் அக்கா மகன் சியாட்டிலில்தான் வேலை பார்க்கிறான். வார இறுதிகளில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொள்கிறான். "மாமா, வந்ததே வந்தீங்க, பீவர்ல ஒரு தடவை ஏறிட்டுப் போயிடுங்க" என்று அவன்தான் டிக்கெட் எடுத்தான். முந்தைய இரவு சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு வகுப்பும் எடுத்தான்.

வகுப்பின் சாரம் இது. பீவர் மாதிரி விமானத்தில் எஞ்சினைக் கட்டுப்படுத்த மூன்று லீவர்கள் உண்டு. ஒன்று த்ராட்டில், எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை அது முடிவு செய்யும். அதன் விளைவு மேனிஃபோல்டு அழுத்தம் என்ற முள்ளில், பாதரச அங்குலக் கணக்கில் தெரியும். அடுத்தது ப்ரொப்பெல்லர் லீவர். சுழற்சி நிமிடத்துக்கு எத்தனை, அதாவது ஆர்பிஎம், என்பதை அது பிடித்து வைக்கும். மூன்றாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம். பறக்கும்போது இந்த மூன்றையும் எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க மாமா. அழுத்தம் எத்தனை இன்ச்சோ, அது ஆர்பிஎம்மோட முதல் ரெண்டு இலக்கத்தைத் தாண்டக் கூடாது. 2300-ன்னா 23. தாண்டினா எஞ்சின் திணறும்னு எங்க கிளப்ல சொல்லித் தந்திருக்காங்க." நான் பொறியாளன் இல்லை. ஆனால் இப்படிக் கச்சிதமான விதி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

மறுநாள் காலை துறைமேடையில் எங்கள் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆறு பயணிகள், ஒரு விமானி. மிதவைகளோடு சேர்த்து விமானம் ஏறக்குறைய 2,300 கிலோவைத் தாண்டக் கூடாது. என் எடையைக் கேட்டதும் விமானி முன்னிருக்கையைக் காட்டினார். பருமனுக்குக் கிடைத்த மரியாதை அது. மருமகன் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் செய்த டி.எச்.சி.-2 பீவர். 1947 ஆகஸ்ட் 16 அன்று டொரோன்டோவுக்கு அருகே டவுன்ஸ்வியூவில் முதன்முதலாகப் பறந்தது. 1967 வரை உற்பத்தி நடந்தது. வரைபடம் போடுவதற்கு முன் வடகனடாவின் காட்டுப்பகுதி விமானிகளிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். குறுகிய இடத்தில் ஏற வேண்டும், சக்கரம், மிதவை, பனிச்சறுக்குச் சட்டம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்ட முடிய வேண்டும், கதவு வழியாக எண்ணெய் பீப்பாயை உருட்டி ஏற்ற முடிய வேண்டும். அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது பார்த்த உடனே தெரிகிறது. முதலில் யோசித்தது இங்கிலாந்தின் ஜிப்ஸி குவீன் எஞ்சின். அது வேண்டிய சக்தியைத் தராது என்று தெரிந்ததும், போர் முடிந்து மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்த பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் ஜூனியரை எடுத்தார்கள். பீவர் பீவரானது அப்போதுதான்.

வாஸ்ப் ஜூனியர் ரேடியல் எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள் ஓர் அச்சைச் சுற்றி வட்டமாக நிற்கும். மொத்தக் கொள்ளளவு 985 கன அங்குலம், அதாவது 16 லிட்டர். ஒரு சிலிண்டரே ஏறக்குறைய 1.8 லிட்டர். அதிகபட்சம் தருவது 450 குதிரைத்திறன். இத்தனை பெரிய வயிற்றுக்கு அது குறைவு என்று இன்றைய கார்க்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் சோம்பலாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சின் இது. 1930 வாக்கில் வந்த இந்த வடிவில் 39,000-க்கும் மேல் செய்தார்கள். 1950-களின் தொடக்கத்தோடு நிறுத்தியும் விட்டார்கள். ஆகவே என் முன்னால் இருந்த எஞ்சின் பலமுறை பிரித்துப் பூட்டப்பட்டதாகத்தான் இருக்க முடியும். ஒரு முறை முழுதாகப் பிரித்துச் செப்பனிட பல பத்தாயிரம் டாலர் ஆகும். பறக்கும்போது லீவர்களை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பின்னால் இந்தச் செலவுக் கணக்கு எப்போதும் நிற்கிறது.

கிளப்புவதற்கு முன்பே மேனிஃபோல்டு முள் முப்பதுக்கு அருகில் நின்றது. எஞ்சின் ஓடவே இல்லையே என்று பார்த்தேன். ஓடாதபோது அது காட்டுவது வெறும் வளிமண்டலத்தின் அழுத்தம்தான். கடல்மட்டத்தில் சராசரி நாளில் 29.92 அங்குலம். விமானி கையால் ஒரு பம்பை அடித்துப் பெட்ரோல் அழுத்தம் ஏற்றினார். ஸ்டார்ட்டரை அழுத்தி ப்ரொப்பெல்லர் இதழ்கள் சிலமுறை கடந்து போகும்வரை எண்ணிவிட்டுத்தான் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைப் போட்டார். இரவில் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் வடிந்து தேங்கியிருக்கும். அதோடு எஞ்சின் பற்றிக்கொண்டால் பிஸ்டனுக்கு நகர இடம் இல்லாமல் தண்டு வளைந்துவிடும். ஒரு சிலிண்டர் இருமியது, பிறகு இன்னொன்று, பிறகு வெள்ளைப் புகை மூடிக்கொண்டு ஒன்பதும் சேர்ந்தன.

ஏரியின் நடுவே போய் மூக்கைக் காற்றுக்குத் திருப்பினார். த்ராட்டில் முன்னால் போனது: 36.5 அங்குலம், 2300 சுழற்சி. வளிமண்டல அழுத்தத்தைவிட அதிகமான அந்த ஆறரை அங்குலத்தைத் தருவது எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சூப்பர்சார்ஜர் விசிறி. எஞ்சினின் நடு அச்சான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் அது பத்துச் சுற்றுச் சுற்றும். இரைச்சல் காதுறையையும் தாண்டிப் பல்லில் கேட்டது. அதற்கும் காரணம் உண்டு. இந்த விமானத்தின் இரட்டை இதழ் ப்ரொப்பெல்லரின் விட்டம் எட்டரை அடி. கியர் எதுவும் இல்லாமல் கிராங்கோடு நேராகப் பூட்டியது. 2300-இல் அதன் நுனி வினாடிக்கு 310 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு. கரையில் வீடு வாங்கியவர்கள் புகார் செய்வது எஞ்சினைப் பற்றி அல்ல, உண்மையில் அந்த நுனியைப் பற்றி.

மிதவைகள் தண்ணீரை விட்டன. பழைய ஆலையின் கோபுரங்கள் எங்களுக்குக் கீழே போவதற்குள் விமானி த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார், பிறகு ப்ரொப்பெல்லரை: 30, 2000. உயரம் ஏறுவதற்கு அது. கூட்டும்போது இந்த வரிசை தலைகீழாகும். முதலில் சுழற்சி, பிறகுதான் அழுத்தம். மலைப்பாதையில் கீழ் கியருக்கு மாற்றாமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பஸ் ஓட்டுநரை நினைத்துக்கொண்டால் வரிசை மறக்காது.

ப்யூஜெட் சவுண்ட் நீர்ப்பரப்பின் மேல் ஆயிரம் அடி சொச்சத்தில் சமன் செய்தார். இடப்பக்கம் ஒலிம்பிக் மலைகள், வலப்பக்கம் என் சன்னலில் விட்பி தீவு, அதற்கும் அப்பால் பனித்தொப்பியோடு மவுண்ட் பேக்கர். எல்லோரும் வெளியே பார்த்தார்கள். நான் விமானியின் வலது கையைப் பார்த்தேன். த்ராட்டில் மெல்லப் பின்னால் வந்தது: 28. ப்ரொப்பெல்லர் பின்னால் வந்தது: 1800. இரைச்சல் ஒரு பெரிய கனமான முனகலாக இறங்கியது. நுனி வேகம் இப்போது 245 மீட்டருக்குள். வினாடிக்கு 135 வெடிப்புகள். விமானி காலை நீட்டிக்கொண்டார்.

இருபத்தெட்டுக்குப் பதினெட்டு! விதியைப் பத்து இன்ச் தாண்டியாயிற்று. பின்னாலிருந்து தோளில் ஒரு விரல் தட்டியது. திரும்பினால், மருமகனின் முகத்தில் என்னைவிட அதிகப் பதற்றம். அவனுக்குக் கொடுத்திருந்தது வெறும் காதடைப்பு. எனக்குத்தான் பேசும் கருவி. ஆகவே கேள்வியை நான் கேட்டேன்.

விமானி சிரித்தார். "எந்த ஃப்ளையிங் கிளப்?" என்றார் முதலில். பிறகு பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதையும், நான் பிறகு படித்துத் தெளிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சிலிண்டர்கள் கிடையாகப் படுத்திருக்கும் இன்றைய சிறிய எஞ்சின்களைக் கற்பவர்களுக்குச் சொல்லித் தரும் பாதுகாப்பான சுருக்கம்தான் அந்த விதி. அந்த எஞ்சின்களின் கையேடுகளே கூட அதைத் தாண்டிய பல ஜோடிகளை அனுமதிக்கின்றன. இன்ச்சும் சுழற்சியும் வேறு வேறு அலகுகள்; இரண்டின் எண்ணும் பொருந்தி வருவதற்கு இயற்பியலில் எந்தக் காரணமும் கிடையாது. ஒரே அளவு சக்தியைப் பல ஜோடிகளால் எடுக்கலாம். அதிகச் சுழற்சியில் குறைந்த அழுத்தமாகவும் எடுக்கலாம், குறைந்த சுழற்சியில் நிறைந்த அழுத்தமாகவும் எடுக்கலாம். இரண்டிலும் விமானம் அதே வேகத்தில்தான் போகும். ஆனால் முதல் வழியில் பிஸ்டன்கள் அதிகம் ஓடுகின்றன, உராய்வு அதிகம், சூப்பர்சார்ஜர் விழுங்கும் சக்தியும் அதிகம். அவ்வளவும் பெட்ரோலாகப் போகும். இரண்டாவது வழியில் எஞ்சின் மெதுவாக, ஆழமாக மூச்சுவிடுகிறது.

ரேடியலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான். ஒன்பது பிஸ்டன்களும் ஒரே கிராங்க் ஊசியில் பிடித்தாக வேண்டும். அதற்கு இடம் ஏது? ஆகவே ஒரு பிஸ்டனின் தண்டு மட்டும் தலைவன், மாஸ்டர் ராடு. மற்ற எட்டும் அதன் தலையைச் சுற்றிப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்பது பேரின் சுமையும் ஒரே பேரிங்கில் விழும். வெடிப்பின் அழுத்தம் பிஸ்டனை உள்நோக்கித் தள்ளும். வேகமாக ஓடும் பிஸ்டனின் சொந்த எடை அதை வெளிநோக்கி இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு தணித்தால் பேரிங் பிழைக்கும். சுழற்சியை உயரத்தில் வைத்துக்கொண்டு த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டால் தள்ளும் விசை போய் இழுக்கும் விசை மட்டும் மிஞ்சும்; காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்ற, ப்ரொப்பெல்லர் எஞ்சினைச் சுற்றும். பேரிங்கின் எண்ணெய்ப் பட்டைக்கு அது ஆகாத சுமை. ஆகவே ரேடியல் ஓட்டுகிறவர்கள் சொல்லும் விதி நேர் எதிரானது: நூறு சுழற்சிக்கு ஓர் இன்ச்சுக்குக் *குறையாமல்* வைத்திரு. 1800 என்றால் 18-க்குக் கீழே இறக்காதே. மருமகனுக்கு மேற்கூரையாக இருந்த எண் இங்கே தரையாகிவிட்டது.

அழுத்தத்துக்கும் எல்லை இல்லாமல் இல்லை. சுழற்சியை ரொம்பவும் தாழ்த்தி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்துத் தட்டும். பிஸ்டன் உச்சி ஓட்டையாகும். அந்த எல்லையைக் கையேட்டின் வரைபடம் சொல்லும். எஞ்சின் வடிவமைத்த காலத்துப் பெட்ரோலைவிட இன்றைய 100 ஆக்டேன் பெட்ரோல் தட்டலைத் தாங்கக்கூடியது என்பது ஒரு ஆறுதல். அதில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள் என்பதும், அந்த ஈயம் ஸ்பார்க் பிளக்குகளில் படிந்து தொல்லை தருகிறது என்பதும் ஆறுதல் இல்லை.

இப்படி ஓட்டுவது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1937 மார்ச்சில் விமானி அமெலியா இயர்ஹார்ட் ஓக்லண்டிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்படும் முன், லாக்ஹீட் நிறுவனத்தின் இளம் பொறியாளர் கெல்லி ஜான்சன் அவருக்குத் தந்தியில் அட்டவணை அனுப்பினார். வாஸ்ப் ஜூனியருக்கு அண்ணனான இரண்டு வாஸ்ப் எஞ்சின்கள் பூட்டிய விமானம் அது. முதல் மூன்று மணி நேரம் 1900 சுழற்சி, 28 அங்குலம்; பெட்ரோல் மணிக்கு 60 காலன். பெட்ரோல் எரிந்து விமானம் லேசாக ஆக, படிப்படியாக 1800, 1700, கடைசியில் 1600 சுழற்சி, 24 அங்குலம், 38 காலன். அந்தத் தாளில் எந்த வரியும் மருமகனின் விதிக்கு உட்பட்டதல்ல.

1944-இல் நியூகினியில் புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் செய்தது இன்னும் பெயர் பெற்ற கதை. சிவிலியனாகப் போய் பி-38 போர் விமானிகளோடு சேர்ந்து பறந்தவர், அவர்கள் எல்லோரையும்விட அதிகப் பெட்ரோல் மிச்சத்தோடு திரும்பினார். தரையில் இருந்த மெக்கானிக்குகள்தான் முதலில் கவனித்தார்கள். கேட்டபோது, சுழற்சியை 1600-க்கு இறக்கு, கலவையை மெலிதாக்கு, அழுத்தத்தை ஏற்று என்றார். எஞ்சின் பாழாகிவிடும் என்று இளைஞர்கள் பயந்தார்கள். பாழாகவில்லை, விமானங்கள் போய்த் திரும்பக்கூடிய தூரம் நூறு மைலுக்கும் மேல் நீண்டது. பி-38-இன் எஞ்சின் ரேடியல் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். பயமும் கணக்கும் மட்டும் ஒன்றே.

போர்ட் டவுன்செண்ட் இடப்பக்கம் நழுவியது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்று கேட்டேன். விமானி பதில் சொல்லவில்லை, நானே துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதற்கு வேண்டிய சக்தி கனமாக ஏறும். ஐந்து சதவீதம் வேகம் கூட்ட, சுமார் பதினாறு சதவீதம் சக்தி வேண்டும். இரண்டு பெரிய மிதவைகளைச் சுமந்துகொண்டு மணிக்கு 105 மைலில் போகும் விமானம் 110-இல் போனால், இந்த 70 மைலில் மிச்சமாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த இரண்டு நிமிடத்துக்காக 1800-ஐ 2000 ஆக்கினால், நாற்பது நிமிடத்தில் எஞ்சின் எட்டாயிரம் சுற்று கூடுதலாகச் சுற்றும். வேகத்தைப் பற்றிப் பயணிகள் கேட்பதும், விமானிகள் பதில் சொல்லாமல் இருப்பதும் எனக்கு அப்போது நியாயமாகத் தெரிந்தது.

மூன்றாவது லீவரை அவர் அதிகம் தொடவில்லை. கலவையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார், காதால் கேட்டார், சற்று முன்னால் விட்டார். சிலிண்டர் தலையின் வெப்ப முள்ளைப் பார்த்தார். தேவைக்கு மேல் போகும் பெட்ரோல் வீண்தான். ஆனால் காற்றால் குளிரும் எஞ்சினில் அந்த வீண் பெட்ரோலும் ஒரு குளிரூட்டி. மணிக்கு இருபது காலனுக்கு மேல் குடிக்கும் இந்த எஞ்சினில், ஓரிரு காலன் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு சிலிண்டரைச் சுட்டுக்கொள்வது எந்த முதலாளிக்கும் கட்டாது.

அவர் அடிக்கடி பார்த்த இன்னொரு முள்ளை நான் ஊகித்திருக்கவே மாட்டேன்: கார்புரேட்டரின் வெப்பநிலை. ஹுவான் டி ஃபூகா நீரிணையின் மேல் மேகத்துணுக்குகள் வந்ததும் ஒரு குமிழைக் கொஞ்சம் இழுத்துச் சூடான காற்றை உள்ளே விட்டார். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக் காற்றாக இருந்தால் வெளியே பதினைந்து டிகிரி வெயில் இருக்கும்போதே கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி கட்டும். அழுத்த முள் மெல்ல மெல்ல விழும். விவரம் தெரியாதவர் த்ராட்டிலைத் தள்ளிச் சரிசெய்துகொண்டே போவார், எஞ்சின் நிற்கும்வரை. 28-இல் வைத்த முள் 28-இலேயே நிற்கிறதா என்று பார்ப்பதும் பறக்கும் வேலையில் சேர்த்திதான்.

லோபெஸ் தீவின் காடுகள் வந்ததும் இறக்கம். த்ராட்டிலை ஒரேயடியாக மூடாமல் இன்ச் இன்ச்சாகக் குறைத்தார். சுழற்சியை 1800-இலேயே விட்டிருந்தார். அழுத்தம் இருபதுக்குக் கீழே போனது தண்ணீரைத் தொடப் போகும் கடைசி வளைவில்தான். பேரிங்கை அவர் ஞாபகம் வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ரைடே ஹார்பரில் இறங்கியதும் மருமகன் அவரைப் பிடித்துக்கொண்டான். கையேட்டு அட்டவணையில் அத்தனை ஜோடி இருக்க, இதை மட்டும் ஏன் எடுத்தார் என்று கேட்டான். "இந்த விமானத்துக்கு இது பிடிக்கும்," என்றார் அவர். எந்த ரேடியலுக்கும் ஏதோ ஒரு சுழற்சியில் நடுக்கம் இருக்கும். அதைக் கண்ணாடிச் சட்டத்திலும் இருக்கையிலும் தேடிப் பிடித்து, தாண்டி வைக்க வேண்டும். பேசிக்கொண்டே முன்னிருக்கைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு மூடியைத் திறந்தார். எண்ணெய்த் தொட்டியின் வாய். பீவரில் அது விமானி அறைக்குள்ளேயே இருக்கிறது. வேண்டுமானால் பறந்துகொண்டே ஊற்றலாம். வடகனடாவின் குளிரில் இறங்கி நின்று ஊற்றியவர்கள் கேட்டு வாங்கிய வசதி போலும்.

மருமகன் விடவில்லை. 2019 டிசம்பர் 10 அன்று வான்கூவருக்குத் தெற்கே ஃப்ரேசர் ஆற்றிலிருந்து இதே மாதிரி பீவரில் மின்மோட்டாரைப் பூட்டிப் பறந்து காட்டினார்களே, அதில் எத்தனை லீவர் என்று கேட்டான்.

"எனக்குத் தெரிந்து கலவை லீவர் இல்லை," என்றார் விமானி, எண்ணெயை ஊற்றியபடி. "இன்ச்சும் இல்லை."

"அப்ப வேலை சுலபம்."

"எத்தனை கிலோவாட்டில் போனால் ஊர் வந்து சேரும் என்று கணக்குப் போட வேண்டும். அந்த முதல் பறப்பு சில நிமிடம்தான் நீடித்தது, தெரியுமல்லவா?" மூடியைத் திருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சியாட்டில் திரும்பும் பயணிகள் துறைமேடையில் வரிசையாக நின்றிருந்தார்கள். முதலில் நின்ற அம்மாளிடம் போய், அவர் எடையைக் கேட்டார்.